கிர்ணிப்பழ ஜூஸ் ஏன் கசக்குது?

இந்த மாசக் கட்டுரை பாடம் மாதிரி தெரிஞ்சாலும், நடுவுல ஒரு செய்முறையும் இருக்கு. செமஸ்டர் லேப் மாதிரி ரெக்கார்டு நோட்டு எல்லாம் எழுதத் தேவையில்லை. ரெண்டு கிளாஸ், ஒரு மிக்ஸி, அரை லிட்டர் பால் போதும்.

நம்ம விழுப்புரம் மாவட்டத்துல வெயில் காலம்னா என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம். ராஜகிரி ஏறி இறங்கினவங்களுக்குத் தெரியும். 2025 ஜூலையில யுனெஸ்கோ மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலக பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தப்போ, தமிழ்நாட்டிலிருந்து அதுல இருந்த ஒரே கோட்டை நம்ம செஞ்சிதான். வர்றவங்க கோட்டையைப் பார்த்துட்டு, இறங்கினதும் முதல்ல தேடுறது நிழலையும் ஜூஸ் கடையையும். திண்டிவனம் பக்கத்துத் தர்பூசணி, பண்ருட்டிப் பலா, வண்டியில குவிஞ்சு கிடக்கிற கிர்ணிப்பழம் (தெற்கே முலாம்பழம்னு சொல்வாங்க) எல்லாம் ஒரே சீசன்ல வந்து இறங்கும்.

இப்போ ஒருத்தர் செஞ்சி பஸ் ஸ்டாண்டுல கிர்ணிப்பழ ஜூஸ் குடிக்கிறார். பால் விட்டு, சர்க்கரை போட்டு, ஐஸ் போட்டு அடிச்சது. அருமையா இருக்கு. வீட்டுப் பிள்ளைங்களுக்கும் ரெண்டு பார்சல் கட்டி வாங்கிக்கிட்டு அனந்தபுரம் பஸ்ல ஏறுறார். வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரிச்சுக் கிளாஸ்ல ஊத்தினா, பிள்ளைங்க ஒரு வாய் குடிச்சிட்டு முகத்தைச் சுளிக்குது. கசக்குது. அதே கடை, அதே மிக்ஸி ஜார்ல அடிச்ச அதே ஜூஸ். உடனே வீட்டுல தீர்ப்பு வந்துடும்: "பழத்துக்கு மருந்து போட்டிருக்கான்", "பால் கெட்டுப் போன பால்", "இனிமே அந்தக் கடைப் பக்கம் போகாத." வண்டியில கடை போட்டிருக்கிற ஒருத்தருக்கு இந்தப் பேச்சு ஒரு தெருவுக்குப் பரவினாலே அந்த சீசன் போச்சு. ஆனா அவர் தப்பு எதுவும் செய்யல. கசப்பு பையுக்குள்ளதான் உண்டாச்சு, பஸ்ல வர வழியில.

எப்படின்னு பார்ப்போம். பாலில் இருக்கிற புரதத்துல சுமார் 80 சதவீதம் கேசின். அது தனித்தனி மூலக்கூறா மிதக்கல. ஆயிரக்கணக்குல சேர்ந்து குட்டிக் குட்டி உருண்டையா மிதக்குது. ஒரு உருண்டையோட விட்டம் சராசரியா 100-லிருந்து 200 நானோமீட்டர். பால் வெள்ளையாத் தெரியறதுக்கு இந்த உருண்டைகளும் கொழுப்புத் துளிகளும் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறதுதான் காரணம். கேசின் ஒரு நீளமான சங்கிலி. அமினோ அமிலங்கள் கோத்த மாலைன்னு வெச்சுக்குங்க. முழு மாலையா இருக்கிற வரைக்கும் நாக்குக்கு அதுல ருசி தெரியாது. அதைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டினா கதை மாறும். தண்ணியை வெறுக்கிற அமினோ அமிலங்கள் அதிகமா இருக்கிற துண்டுகள் வெளியே வரும். அந்தத் துண்டுகள் நாக்கோட கசப்பு உணர்விகள்ல போய் ஒட்டும். அதுதான் கசப்பு.

வெட்டுற கத்தரிக்கோல் யாரு? பழத்துக்குள்ளேயே இருக்கிற நொதி. கிர்ணிப்பழச் சதையில குகுமிசின்னு ஒரு புரதம் வெட்டும் நொதி இருக்கு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1975-ல அதைப் பிரிச்செடுத்து விவரம் எழுதினாங்க. கிர்ணிப்பழம் மட்டும் இல்ல. அன்னாசியில ப்ரோமலைன், பப்பாளிப் பால்ல பப்பைன், கிவியில ஆக்டினிடின், அத்திப் பால்ல ஃபிசின் எல்லாம் ஒரே தொழில் செய்யற ஆளுங்க. பிரியாணி மாஸ்டர் கறி வேக மாட்டேங்குதுன்னா பப்பாளிக்காயை அரைச்சுத் தடவுறாரே, அது பப்பைன் வேலை. கறியோட புரதத்தை வெட்டினா மெதுவாகுது, சந்தோஷம். பாலோட புரதத்தை வெட்டினா கசக்குது, சண்டை.

நொதிக்கு நேரம் வேணும். அடிச்ச உடனே குடிச்சா அது வேலையை ஆரம்பிக்கறதுக்குள்ள கிளாஸ் காலி. ஐஸ் இருந்தா இன்னும் மெதுவாகும். ஐஸ் கரைஞ்சு, மே மாச பஸ்ல பை சூடேறினா வேகம் பிடிக்கும். கடையில நின்னு குடிச்சவருக்குத் தேன், பார்சல் வாங்கினவருக்கு வேப்பங்காய். ரெண்டும் ஒரே ஜார்தான்.

இதைச் சரிபார்க்கணும்னா அன்னாசியே நல்ல உதாரணம், ஏன்னா அது ரொம்ப வேகமான ஆளு. ஒரு அன்னாசித் துண்டை ரெண்டாக்குங்க. ஒரு பாதியைப் பச்சையா வைங்க. இன்னொரு பாதியைக் கொஞ்சம் சர்க்கரையோட 10 நிமிஷம் நல்லாக் கொதிக்க விட்டு ஆறவைங்க. ரெண்டையும் தனித்தனியா, காய்ச்சி ஆறவெச்ச குளிர்ந்த பால்ல அடிங்க. பாலுக்கு நாலுல ஒரு பங்கு பழம் போதும். அடிச்ச உடனே ஒரு வாய், 10 நிமிஷம், 20 நிமிஷம், 30 நிமிஷம்னு ருசி பாருங்க. முடிஞ்சா ரூம்மேட்டுக்கு எது எதுன்னு சொல்லாம குடுங்க. அதுதான் நேர்மையான சோதனை. பச்சை அன்னாசி கிளாஸ் கொஞ்ச நேரத்துலயே கசக்க ஆரம்பிக்கும். கொதிச்ச கிளாஸ் கசக்காது, ஏன்னா கொதியில ப்ரோமலைன் செத்துடும். நொதியும் ஒரு புரதம்தானே, முட்டை வேகுற மாதிரி அதுவும் உருக்குலையும். டின்ல வர்ற அன்னாசி பாலோட கசக்காததுக்கும் இதே காரணம்தான். டின்ல அடைக்கும்போதே சூடு பண்ணிடறாங்க.

கல்யாண வீட்டு அன்னாசி கேசரியும் அன்னாசி ரசமும் கசக்கறதில்ல, அடுப்புல வெந்துடுது. ஆனா பச்சை அன்னாசியைத் தயிர்ல போட்டுப் பச்சடி பண்ணி ஃப்ரிட்ஜ்ல வெச்சா மறுநாள் கசக்கும். தயிர்லயும் அதே கேசின்தான் இருக்கு.

கிர்ணிப்பழத்துல இந்தக் கொதிக்க வைக்கிற வித்தை அவ்வளவா உதவாது. குகுமிசின் சூடு தாங்குற ஜாதி, சுமார் 70 டிகிரியிலதான் அது நல்லாவே சுறுசுறுப்பா இருக்கும். நல்லாக் கொதிக்க வெச்சா அடங்கும்தான், ஆனா கிர்ணிப்பழத்தோட உயிரே அந்த வாசனையில இருக்கு, அதுவும் கூடவே போயிடும். அதனால வழி ஒண்ணுதான்: பழத்தைத் தனியா, பாலைத் தனியா எடுத்துட்டுப் போய் வீட்டுல அடிங்க. இல்லன்னா பால் இல்லாம, வெறும் பழமும் சர்க்கரையும் ஐஸுமா பார்சல் கேளுங்க. கடைக்காரங்க மறுக்க மாட்டாங்க, அவங்களுக்குப் பால் மிச்சம்.

இப்போ ரெண்டாவது பிரச்சனை, திரியறது. இது கசப்பு இல்ல, வேற. நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. பாலோட பி.எச். சுமார் 6.6. கேசின் உருண்டைகள் மேல எல்லாம் எதிர்மின்னூட்டம் இருக்கறதால ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு மிதக்குது. புளிப்புச் சேரச் சேர அந்த மின்னூட்டம் குறையும். பி.எச். 4.6-க்கு வந்தா மொத்தமா சுழியாகி, உருண்டைகள் ஒட்டிக்கிட்டுக் கட்டியாயிடும். எலுமிச்சை பிழிஞ்சு பனீர் எடுக்கறோமே, அதேதான். அன்னாசியோட பி.எச். 3.2-லிருந்து 4 வரை இருக்கும், அதனால அன்னாசி ரெண்டு வழியிலயும் வம்பு பண்ணும். வாழைப்பழம் 5 பக்கம். கிர்ணிப்பழம் 6-க்கு மேல, பாலுக்கு ரொம்பக் கிட்ட. அதனால கிர்ணி ஜூஸ் திரியாது, பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா கசக்கும். பார்சல் வாங்கினவர் ஏமாறுறதே அங்கதான்.

இதுல குளிர்ச்சிக்கு ஒரு தனி வேலை இருக்கு. பால் நல்லா ஜில்லுனு இருக்கும்போது புளிப்புச் சேர்ந்தாலும் கேசின் சட்டுன்னு கட்டியாகாது. சூடேறினப்புறம்தான் ஒட்ட ஆரம்பிக்கும். புளிச்ச மாம்பழத்துல ஷேக் அடிக்கும்போது பாலை முதல்லயே ஜில்லாக்கணும்னு கடைக்காரர் பிடிவாதம் பிடிக்கிறார்னா, அது சும்மா இல்ல.

சப்போட்டாவைப் பத்திச் சொல்லாம இருக்க முடியல. என்னைக் கேட்டா பாலோட சேர பழங்கள்ல சப்போட்டாவுக்குத்தான் முதலிடம். புளிப்பு குறைவு, திரியாது. சப்போட்டாவுல ஒரு துவர்ப்பு இருக்கும், அது டானின். பாலோட புரதம் அந்த டானினைப் பிடிச்சு வெச்சுக்கும், அதனால துவர்ப்பு மட்டும் மறைஞ்சு பழத்தோட இனிப்பு மேல வரும். டீயில பால் விட்டா துவர்ப்பு குறையுதே, அதே கதை. ஆனா காய்வெட்டா இருக்கிற சப்போட்டாவை எந்தப் பாலும் காப்பாத்தாது.

நம்ம ஊர்ப் பழைய பானங்களைக் கொஞ்சம் வரிசையா நினைச்சுப் பாருங்க. பாதாம் பால், மசாலாப் பால், ரோஸ்மில்க், மதுரை ஜிகர்தண்டா. ஜிகர்தண்டாவுல சுண்டக் காய்ச்சின பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேல ஐஸ்கிரீம். இதுல எதுலயும் பச்சைப் பழம் இல்ல! பழம் வர்ற இடத்துல பால் இல்ல. பழனிப் பஞ்சாமிர்தத்தைப் பாருங்க: மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின அந்தப் பஞ்சாமிர்தத்துல ஒரு சொட்டுப் பால் கிடையாது, தண்ணியும் சேர்க்கறதில்ல. இருக்கிற ஈரத்தையும் சர்க்கரை பிடிச்சு வெச்சுக்கறதால ஃப்ரிட்ஜ் இல்லாமலே தாங்குது. பலாப்பழப் பாயசமா? தேங்காய்ப்பால். இளநீர்ப் பாயசம்? அங்கயும் தேங்காய்ப்பால் உண்டு. தேங்காய்ப்பால்ல கேசின் கிடையாது, அதனால மாட்டுப்பால் செய்யற மாதிரி வம்பு பண்ணாது.

'பாலும் பழமும்'னு வாய் நிறையச் சொல்றோம், ஆனா அது பெரும்பாலும் வாழைப்பழத்தைக் கடிச்சுக்கிட்டே பால் குடிக்கிற சமாச்சாரம். வயித்துக்குப் போற வரைக்கும் ரெண்டும் தனித்தனி. சரக சம்ஹிதையில சூத்திர ஸ்தானம் 26-ம் அத்தியாயத்துல, பாலோட சேரக்கூடாததுன்னு புளிப்புப் பழங்களோட பெரிய பட்டியலே இருக்கு. அதுல வாழையும் பலாவும் கூட உண்டு. "வாழைப்பழத்தோட பால் சேர்ந்தா வயித்துல திரிஞ்சுடும்"னு வீட்டுல சொல்ற பேச்சுக்கு வயசு அவ்வளவு. ஆனா வயித்துல பால் எப்படியும் திரியும், தனியாக் குடிச்சாலும்தான். இரைப்பை அமிலத்தோட பி.எச். 2 பக்கத்துல இருக்கு. குழந்தை பால் கக்கும்போது பாருங்க, திரிஞ்சுதான் வரும். அது ஜீரணத்தோட முதல் படி, நோய் இல்ல. அதனால திரியறதைக் காரணமா வெச்சு வாழைப்பழ ஷேக்கைப் பழிக்க முடியாது. அதே நேரம், ஃப்ரிட்ஜ் இல்லாத ஒரு வீட்டுல, வெட்டின பழத்தையும் பாலையும் கலந்து வெச்சா என்ன ஆகும்னு பார்த்துப் பார்த்து ஒரு விதி வெச்சவங்களை முட்டாள்னு சொல்லவும் மாட்டேன். பால் குடிச்சா வயிறு உப்புறவங்களுக்கு லாக்டோஸ் ஒத்துக்காம இருக்கலாம். அது பழத்தோட தப்பு இல்ல.

வாழைப்பழத்தைப் பத்தி 2023-ல வந்த ஒரு ஆய்வு சுவாரசியமானது. வாழைப்பழம் வெட்டினா கறுக்குதே, அதுக்குக் காரணமான பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதி, கூடச் சேர்த்து அடிக்கிற மத்த பொருள்கள்ல இருக்கிற ஃபிளவனால்களையும் காலி பண்ணிடுது. ஃபிளவனாலை மாத்திரையா எடுத்தவங்களோட ஒப்பிட்டா, வாழைப்பழ ஸ்மூத்தியோட எடுத்தவங்க உடம்புல அதோட அளவு 84 சதவீதம் குறைவா இருந்துச்சு. ருசிக்காக வாழைப்பழம் போடறீங்கன்னா போடுங்க. திராட்சையோட சத்து முழுசா வேணும்னு நினைச்சா அதுகூட வாழைப்பழத்தை அடிக்காதீங்க.

அப்போ பச்சைப் பழமும் பாலும் சேர்ந்து அடிக்கிற வழக்கம் எப்போ வந்துச்சு? மிக்ஸி வந்தப்போ. அமெரிக்காவுல ஹார்லிக்ஸ் கம்பெனி வளர்ந்த ராசீன் நகரத்துல ஸ்டீஃபன் போப்லாவ்ஸ்கிங்கிறவர், ஜாடியோட அடியில சுத்துற பிளேடு வெச்ச கருவிக்கு 1920-கள்ல காப்புரிமை வாங்கினார். மால்ட் பால் கலக்கத்தான் அது. ஷார்ஜா ஷேக்ல மேல ஹார்லிக்ஸ் தூவுறவங்க தெரியாமலே அந்த வரலாற்றுக்கு மரியாதை செய்யறாங்க! நம்ம நாட்டுக்கு அது அப்படியே ஒத்து வரல, உளுந்தும் தேங்காயும் போட்டா மோட்டார் கருகிடும். 1960-கள்ல சீமென்ஸ்ல பொறியாளரா இருந்த எஸ்.பி. மாத்தூர், மனைவி மாதுரியோட வெளிநாட்டு மிக்ஸி கெட்டுப் போனதைப் பார்த்துத்தான் இந்தியச் சமையலுக்குத் தாங்குற மோட்டாரை உருவாக்க இறங்கினார். அதுதான் சுமீத். அப்புறம் 2011 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசோட இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் வந்துச்சு. அனந்தபுரம் மாதிரிப் பேரூராட்சிகளுக்கும் சுத்துப்பட்டு ஊர்களுக்கும் பல வீட்டுல முதல் மிக்ஸி அந்தத் திட்டத்துலதான் வந்துச்சு. ஜூஸ் கடைக்குப் போகாமலே ஷேக் குடிக்கலாம்ங்கிற நிலைமை வந்தது அப்போதான்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு கணக்கு. 500 வாட் மிக்ஸியை 2 நிமிஷம் ஓட்டினா 60,000 ஜூல். அதுல பாதி ஜாருக்குள்ள வெப்பமாப் போகுதுன்னு வெச்சுக்குங்க, 30,000 ஜூல். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் போதும். அப்போ கிட்டத்தட்ட 90 கிராம் ஐஸ் அடிக்கிறதுலயே உருகித் தண்ணியாப் போகுது. ஷேக் நீர்த்துப் போச்சேன்னு பாலைக் குறை சொல்றதுக்கு முன்னாடி இதை யோசிங்க. 20, 30 விநாடிதான் அடிக்கணும். பாலையே கட்டியா உறைய வெச்சு அடிக்கிற ஷார்ஜா ஷேக் முறை இதுக்குத்தான் புத்திசாலித்தனம்: உருகினாலும் உருகறது பால்தான்.

பால் வாங்கும்போது, ஆவின்ல நீலப் பாக்கெட் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. ஷேக்குக்குப் பச்சை போதும். ஆரஞ்சுல அடிச்சா கெட்டியா இருக்கும், மத்தியானக் கிளாஸ்ல தூக்கம் வரும்.

ஊர்ல நேரா மாட்டுப்பால் வாங்கறவங்களுக்கு ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும். கறந்த பாலை அப்படியே மிக்ஸியில ஊத்தி அடிக்காதீங்க. ப்ரூசெல்லோசிஸ், மாட்டுக் காசநோய் மாதிரி கிருமிகள் வர வழி அது. ருசிக்குமே அது கேடு. பச்சைப் பால்ல லைப்பேஸ்னு ஒரு நொதி இருக்கு. கொழுப்புத் துளியைச் சுத்தி மெல்லிய சவ்வு இருக்கற வரைக்கும் அதால உள்ளே போக முடியாது. மிக்ஸி பிளேடு அந்தச் சவ்வைக் கிழிச்சு விட்டுடும். அப்புறம் கொழுப்பை உடைச்சு ஒரு காறல் வாடை வரும். காய்ச்சி, ஆறவெச்சு, ஃப்ரிட்ஜ்ல வெச்ச பால்தான் சரி.

கிர்ணிப்பழத்தை வெட்டறதுக்கு முன்னாடி தோலைத் தேய்ச்சுக் கழுவுங்க. தோலைத்தான் சாப்பிடப் போறதில்லையேன்னு விட்டுடாதீங்க. அந்தச் சொரசொரப்பு வலைக்குள்ள கிருமி உக்காந்திருக்கும், கத்தி அதை உள்ளே இழுத்துட்டுப் போகும். 2011-ல அமெரிக்காவுல கொலராடோ பண்ணை ஒண்ணோட கிர்ணிப்பழத்துல லிஸ்டீரியா பரவி 147 பேர் நோயாளியானாங்க, 33 பேர் இறந்து போனாங்க. நம்ம வீட்டுல ஒரு கர்ப்பிணிப் பெண்ணோ வயசான தாத்தாவோ இருந்தா இது சின்ன விஷயம் இல்ல.

கடையில குடிக்கும்போது பழத்தை விட ஐஸைப் பாருங்க. மஞ்சள் காமாலையும் டைஃபாய்டும் பெரும்பாலும் தண்ணி வழியாத்தான் வருது, ஐஸும் தண்ணிதான். மீன் வண்டிக்கும் சடலத்துக்கும் வைக்கிற ஐஸ் ஜூஸ் கடைக்கு வரக்கூடாதுன்னுதான், உணவுக்கு ஆகாத ஐஸ்ல நீல நிறம் கலக்கணும்னு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல சொல்லியிருக்கு. சாக்குப் பையில சுத்தி, தரையில இழுத்துட்டு வர்ற ஐஸ் பாறையில நீலம் தெரிஞ்சா, "அண்ணே, எனக்கு ஐஸ் வேணாம், பால் மட்டும் ஜில்லுனு போடுங்க"ன்னு சொல்லிடுங்க. நீலம் இல்லன்னாலும் அதைக் கொட்டி வெச்சிருக்கிற இடத்தையும், ஜாரைக் கழுவுற வாளித் தண்ணியையும் ஒரு பார்வை பார்த்துட்டு உக்காருங்க.

அன்னாசிச் சோதனையைப் பண்ணிப் பார்க்கிறவங்க, கசப்பு எத்தனாவது நிமிஷத்துல தெரிஞ்சதுன்னு எழுதி அனுப்புங்க. ஐஸ் போட்டது, போடாதது ரெண்டுக்கும் தனித்தனியா நேரம் குறிச்சா இன்னும் நல்லது. அடுத்த இதழ்ல எல்லாத்தையும் ஒரே வரைபடமாப் போடலாம்.